வைன் அழைப்பு ஏன் வரவில்லை?

கேள்வி: நியூ ஜெர்சி, மிடில்செக்ஸ் கவுண்டியில் வசிக்கிறேன். எச்-4 விசா (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது), ஏழு வயது மகன். கணவர் என்னை அடித்ததற்காக முதல்முறை கைதானபோது, அவர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தால் தானாகவே ஃபோன் வரும் 'வைன்' என்ற சேவையில் என் எண்ணைப் பதிந்தேன். இரண்டாம் நாள் இரவு 1.40க்கு ஃபோன் வந்திருக்கிறது. காலையில் எழுந்துதான் பார்த்தேன். அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். பிறகு கோர்ட்டில் நிரந்தரப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அதை மீறி வீட்டு வாசலுக்கு வந்ததால் மறுபடி கைது. இந்த முறை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆனால் வைனிலிருந்து ஒரு செய்தியும் இல்லை, பெயரைத் தேடினாலும் வரவில்லை. நான் பதிந்தது அவருக்குத் தெரியுமா? என் ஃபோன் அவருடைய ஃபேமிலி பிளானில் இருக்கிறது. மதுரையில் இருக்கும் அப்பா தனக்கும் செய்தி வர வேண்டும் என்கிறார். தண்டனை முடிந்தால் இமிக்ரேஷன் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்போதும் எனக்குத் தகவல் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கைதின்போது நீங்கள் செய்த பதிவு இப்போது உங்களுக்குக் காவல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் இப்போது இருக்கும் கஸ்டடிக்கு இன்றே புதிதாகப் பதியுங்கள். மீதியை அதற்கப்புறம் படிக்கலாம்.

வைன் ஓர் ஆளைப் பின்தொடர்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது பார்ப்பது ஒரு ஜெயிலின் கணினிப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியை. கைதாகி ஜெயிலுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிய புக்கிங் எண் விழும். வைன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்து, நீங்கள் பதிந்த வரியில் மாற்றம் இருந்தால் உங்களைக் கூப்பிடுகிறது. முதல் கைதின் வரி, 'விடுவிக்கப்பட்டார்' என்று எழுதப்பட்ட அன்றே முடிந்துபோனது. இரண்டாம் கைது வேறு வரி. ஜெயில் கதவு மாறும் ஒவ்வொரு முறையும், அதாவது மறு கைது, வேறு கவுண்டிக்கு மாற்றம், மாநிலச் சிறைக்கு அனுப்புதல் என எது நடந்தாலும், "என் பதிவு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் பழைய பதிவு தானாகவே புதிய இடத்துக்குப் போகும், சில இடங்களில் போகாது. போயிருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

பெயரைத் தேடியும் கிடைக்காததற்கு, உங்கள் விஷயத்தில், நம் பெயர்களே காரணமாக இருக்கலாம். அவர் பெயர் முத்துக்குமார், அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சுப்பிரமணியன் இருந்தால், ஜெயிலில் சுப்பிரமணியன் என்பது கடைசிப் பெயராகவும் முத்துக்குமார் முதல் பெயராகவும் ஏறும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தால், அமெரிக்க விசாவில் முத்துக்குமார் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்திருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்துத்தான் டிரைவிங் லைசென்ஸ், அதைப் பார்த்துத்தான் போலீஸின் எழுத்து. இதற்கு மேல் 'முத்து' தனியாக, 'குமார்' தனியாகப் பிரிந்து, குமார் கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும் கேஸ்களும் உண்டு. சுப்பிரமணியனில் ஒரு 'பி' குறைந்தால்கூட உங்கள் தேடல் பொய்த்துப் போகும்.

ஆகவே முதலில் அவருடைய லைசென்ஸில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். பிறகு முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிறகு கடைசிப் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, வயதை வைத்து வடிகட்டுங்கள். பிறந்த தேதியைக் கொடுக்கும்போது மாதம் முதலில் வர வேண்டும். ஜூலை 4 என்பதை நம் வழக்கப்படி தேதியை முன்னால் வைத்து எழுதினால், இங்கே அது ஏப்ரல் 7 ஆகிவிடும்.

பெயர் விளையாட்டே வேண்டாம் என்றால் எண்களைப் பிடியுங்கள். நியூ ஜெர்சியில் மூன்று எண்கள் உங்களுக்குத் தேவை. ஒன்று, ஜெயில் புக்கிங் எண். இது கைதுக்குக் கைது மாறும். இரண்டு, எஸ்.பி.ஐ. எண். மாநிலம் கைரேகையோடு சேர்த்து ஒருவருக்குக் கொடுக்கும் எண் இது. எத்தனை முறை கைதானாலும், கவுண்டி ஜெயிலிலிருந்து மாநிலச் சிறைக்குப் போனாலும் மாறாது. மூன்று, புகார் எண். அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். 'டபிள்யூ' என்று தொடங்கினால் வாரண்ட். ஆள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார். 'எஸ்' என்று தொடங்கினால் சம்மன்ஸ். போலீஸ் ஸ்டேஷனிலேயே தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சம்மன்ஸில் போனவர் கவுண்டி ஜெயிலின் பதிவேட்டில் ஏறவே மாட்டார். அந்த நபரைப் பற்றி வைன் வாயே திறக்காது. "வைனில் பெயர் இல்லை, அப்படியானால் இன்னும் ஸ்டேஷனில்தான் வைத்திருப்பார்கள்" என்று நினைத்துக் கதவைத் தாழ்போடாமல் தூங்கியவர்கள் உண்டு. தேடலில் பெயர் கிடைக்காதது ஒருபோதும் நல்ல செய்தி அல்ல. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைக் கவுண்டி பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) அலுவலகத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவும் விக்டிம்-விட்னஸ் பிரிவில் கேளுங்கள். உங்கள் கேஸுக்கென்று ஓர் ஆலோசகர் இருப்பார். அவர் பெயர், நேரடி எண் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்ப வன்முறை வழக்கில் கைதானவர் வெளியே விடப்படும்போது, வழக்கு நடத்தும் தரப்பு பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டமே சொல்கிறது. இது வைனுக்குச் சம்பந்தமில்லாத, மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. இதற்காகப் போலீஸ் ஒரு படிவத்தில் உங்கள் தொடர்பு எண்ணை எழுதி வாங்கியிருப்பார்கள். கைதான இரவில் பதற்றத்தில் என்ன எண் கொடுத்தீர்களோ, அதுதான் இன்னும் அந்தத் தாளில் இருக்கும். பழைய எண்ணோ, அவருக்கும் தெரிந்த லேண்ட்லைனோ இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். வைனை நம்பிச் சட்டம் தரும் இந்த உரிமையை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டும் ஓடட்டும். ஒன்று தவறினால் மற்றது பிடிக்கும்.

இப்போது அந்த 1.40 மணி அழைப்புக்கு வருவோம். ஜெயில்கள் ஆட்களை எந்த நேரத்திலும் விடுவிக்கும். கோர்ட் உத்தரவு மாலையில் வந்தால், சொத்துப் பையைத் திருப்பிக் கொடுத்து, வேறு வாரண்ட் இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்ப நள்ளிரவு தாண்டிவிடும். பதிவேட்டில் 'விடுவிப்பு' என்று ஏறிய பிறகுதான் வைனுக்குத் தெரியும். ஆகவே ஃபோன் அடிக்கும்போது அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருக்கலாம். காவலர் தாமதமாகப் பதிந்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். இன்னும் இத்தனை மணி நேரத்தில் வெளியே வரப்போகிறார் என்று அது முன்கூட்டிச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அழைப்பை எடுத்தால் ஒரு பதிவுசெய்த குரல் பேசும். நீங்கள் பதியும்போது தேர்ந்தெடுத்த நான்கு இலக்கப் பின் நம்பரை அழுத்தினால்தான் செய்தி உங்களைச் சேர்ந்தது என்று அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். வாய்ஸ்மெயில் எடுத்தால் அதில் செய்தியை வைத்துவிட்டு, பின் நம்பர் விழும்வரை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். குறிப்பிட்ட காலம் முடிந்தால் நிறுத்திக்கொள்ளும். பின் நம்பரை மறந்துபோனவர்கள், அர்த்த ராத்திரியில் மோசடிக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டவர்கள், இருபது தடவை அடித்தும் எடுக்காதவர்கள் எல்லாரும் உண்டு. பின் நம்பர் உங்கள் கல்யாண நாளாகவோ மகனின் பிறந்தநாளாகவோ இருக்க வேண்டாம். அவர் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். அரைத் தூக்கத்திலும் விரல் தானாக அழுத்தக்கூடிய, வீட்டுக்குச் சம்பந்தமில்லாத எண்ணாக இருக்கட்டும்.

உங்களை எழுப்பாமல் விட்டது பெரும்பாலும் ஃபோனின் அமைப்புதான். மூன்று இடங்களைப் பாருங்கள். தெரியாத எண்களை ஒலியில்லாமல் வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளும் வசதி ஓடுகிறதா? இரவு 'தொந்தரவு செய்யாதே' தானாக ஓடுகிறதா? ஸ்பேம் அழைப்பைத் தடுக்கும் ஆப் ஏதாவது இருக்கிறதா? வைன் அழைப்பு ஓர் இயந்திரத்திலிருந்து வருவதால், ஸ்பேம் வடிகட்டிகள் அதை விற்பனை அழைப்பு என்றே நினைக்கும். பதிந்ததும் வரும் முதல் உறுதிச் செய்தியோ அழைப்போ எந்த எண்ணிலிருந்து வருகிறதோ, அதை ஃபோன் புத்தகத்தில் சேமித்து, 'தொந்தரவு செய்யாதே' நேரத்திலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். பெயரை மட்டும் வைன் என்று போடாமல், பல் மருத்துவர், நூலகம் என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் ஒரு பொது எண்ணுக்கு அடித்து, உள் எண்ணை அழுத்தி உங்களைப் பிடிக்க வேண்டிய ஏற்பாடு இருந்தால் அந்த எண்ணைப் பதியாதீர்கள். இயந்திரத்துக்கு உள் எண்ணை அழுத்தத் தெரியாது. அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் மூன்றையும் பதியலாம், மூன்றையும் பதியுங்கள். குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும், எழுப்பாது. பின் நம்பர் கேட்டு விடாமல் அடிப்பது அழைப்பு மட்டும்தான்.

பதிவதற்கு நியூ ஜெர்சி வைன் எண் 1-877-846-3465. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் கிடையாது. வைன்லிங்க் இணையதளத்திலும் ஆப்பிலும் நீங்களே பதியலாம். ஆனால் பெயர்க் குழப்பம் உள்ள உங்களுக்கு ஆளிடம் பேசுவதே நல்லது. எஸ்.பி.ஐ. எண்ணைச் சொல்லி, "இப்போது எந்த ஜெயிலில், எந்தப் புக்கிங் எண்ணில் இருக்கிறார்? என் பழைய பதிவு செல்லுமா?" என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். சில கவுண்டிகள் தங்கள் ஜெயிலை மூடிவிட்டு ஆட்களை வேறு கவுண்டியில் வைக்கின்றன. யூனியன் கவுண்டி தன் கைதிகளை எசெக்ஸ் கவுண்டிக்கு அனுப்புவது ஓர் உதாரணம். கேஸ் எந்த கவுண்டியோ, ஆளும் அதே கவுண்டியில்தான் இருப்பார் என்று தேடாதீர்கள்.

நீங்கள் பதிந்தது அவருக்குத் தெரியாது. யார் பதிந்தார்கள், எத்தனை பேர் பதிந்தார்கள் என்று வைன் கைதிக்குச் சொல்வதில்லை. ஆனால் வைன் காக்கும் இந்த ரகசியத்தை உங்கள் ஃபோன் பில் உடைத்துவிடும். ஃபேமிலி பிளான் அவர் பெயரில் இருந்தால், கணக்குக்குள் நுழைந்து எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று அவர் பார்க்கலாம். ஜெயிலில் இருக்கும்வரை முடியாது. வெளியே வந்த அன்றே முடியும். ஆப்பிள் கணக்கு இருவருக்கும் பொதுவாக இருந்தால், உங்கள் ஃபோனுக்கு வரும் குறுஞ்செய்தி வீட்டில் மகன் விளையாடும் ஐபேடிலும் வந்து நிற்கும். உங்கள் மின்னஞ்சலை மீட்கும் எண்ணாக அவர் எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த மின்னஞ்சலும் அவருடையதுதான்.

இதற்கு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2022இல் நிறைவேறிய சேஃப் கனெக்ஷன்ஸ் சட்டப்படி, குடும்ப வன்முறைக்கு ஆளானவர் கேட்டால் அவருடைய எண்ணையும், அவர் பராமரிப்பில் உள்ளவர்களின் எண்ணையும் ஃபோன் கம்பெனி அந்தப் பிளானிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, கணக்கு வைத்திருப்பவரின் சம்மதமும் தேவையில்லை. உங்களிடம் கோர்ட் உத்தரவு இருக்கிறது. அதுவே போதுமான ஆதாரம். கம்பெனியின் பொது எண்ணில் எடுப்பவருக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். "லைன் செப்பரேஷன் ரிக்வெஸ்ட்" என்ற சொல்லைச் சொல்லுங்கள், தெரிந்தவரிடம் மாற்றிவிடுவார்கள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: எண் பிளானிலிருந்து காணாமல் போனது அவருக்குத் தெரியவரும். அவர் உள்ளே இருக்கும் இந்த நேரம்தான் அதைச் செய்ய நல்ல நேரம். பிரியும்வரை வைனுக்கு ஒரு ப்ரீபெய்ட் ஃபோனையும், நூலகக் கணினியில் புதிதாகத் திறந்த மின்னஞ்சலையும் பயன்படுத்துங்கள். அந்த ப்ரீபெய்ட் ஃபோனின் சார்ஜ் தீராமலும் காசு தீராமலும் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வைனில் யார் வேண்டுமானாலும் பதியலாம், பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. மதுரையில் இருப்பவருக்கு மின்னஞ்சல்தான் சரிப்படும். இங்கே நள்ளிரவு 1.40 என்றால் அங்கே பகல். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவர் விழித்திருப்பார். அந்த வகையில் அப்பாவைச் சேர்ப்பது அருமையான யோசனை. நீங்கள் எடுக்காவிட்டால் பக்கத்தில் உள்ள உங்கள் தோழியைக் கூப்பிட்டு உங்களை எழுப்பச் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். செய்தி வந்ததும் கோபத்தில் சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் போட்டு "உங்க பையன் வெளிய வந்துட்டானாமே" என்று அவர் கேட்டுவிடக் கூடாது. அந்தப் பேச்சு ஒரு மணி நேரத்தில் உங்கள் கணவர் காதுக்கு வரும். அதோடு, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது "அவன் சொல்லச் சொன்னான்" என்று உங்களை அழைத்துப் பேசினால், ஆள் வைத்துத் தொடர்புகொள்வதையும் உங்கள் உத்தரவு தடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தடுத்திருக்கும். அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் குறித்து ஆலோசகரிடம் கொடுங்கள்.

இப்போது அவர் உள்ளே இருக்கிறார். எந்தெந்த வழியில் வெளியே வரலாம் என்று தெரிந்தால்தான் எப்போது விழித்திருக்க வேண்டும் என்று தெரியும். 2017 ஜனவரி 1 முதல் நியூ ஜெர்சியில் பணம் கட்டி ஜாமீனில் போவது கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது. வாரண்டில் ஜெயிலுக்குப் போனவரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும். நிபந்தனையோடு விடும், அல்லது பிராசிக்யூட்டர் கேட்டால் விசாரணை வைத்து உள்ளேயே வைக்கும். முதல் முறை இரண்டாம் நாளே அவர் வந்தது இதனால்தான். இப்போது உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றாலும் கெடு உண்டு. குற்றம் பெரிதாக இருந்து கிராண்ட் ஜூரிக்கு (வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) போக வேண்டுமென்றால், கணக்கில் சேர்க்காமல் சட்டம் விலக்கிய நாட்களைக் கழித்து 90 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும், அதன் பின் 180 நாளில் விசாரணை தொடங்க வேண்டும். இந்தக் கெடுக்கள் தவறினால் வெளியே விடும்படி வக்கீல் கேட்பார். அந்தத் தேதிகளை ஆலோசகரிடம் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். வைன் இதையெல்லாம் சொல்லாது.

வெளியே வரும் வழிகளில் பலரும் தவறவிடுவது தண்டனை நாள். பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், "இதுவரை உள்ளே இருந்த நாட்களே தண்டனை" என்று நீதிபதி சொல்லலாம். காலையில் கோர்ட்டில் நீங்கள் பார்த்தவர், அன்று இரவே வீட்டு வீதியில் இருக்கலாம். 364 நாள் வரை தண்டனை என்றால் கவுண்டி ஜெயிலிலேயே கழியும். அதற்கு மேல் என்றால் மாநிலச் சிறை. அங்கே போனால் வைன் பதிவை மறுபடி சரிபாருங்கள். அதோடு மாநிலச் சிறைத்துறையின் பாதிக்கப்பட்டோர் சேவைப் பிரிவிலும் பரோல் போர்டிலும் உங்கள் பெயரையும் எண்ணையும் தனியாகக் கொடுங்கள். பரோல் விஷயத்தில் உங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை அந்த வழியாகத்தான் வரும்.

வைனின் கண்ணுக்குப் படாத இன்னும் சில உண்டு. நிபந்தனையோடு வெளியே விட்டால் எந்தக் கண்காணிப்பு நிலை, காலில் பட்டை உண்டா, எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்பதெல்லாம் விக்டிம்-விட்னஸ் பிரிவில்தான் தெரியும். ஜெயிலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் சில நேரம் பதிவில் 'வெளியே' என்று விழும், சில நேரம் விழாது. பதற வைக்கும் அழைப்புகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான். அதற்காக அலட்சியம் செய்துவிடாதீர்கள். செய்தியில் காரணம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 'மாற்றம்' என்றால் வேறொரு காவலுக்குப் போகிறார். 'விடுவிப்பு' என்றால் தெருவுக்கு வருகிறார். இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் ஜெயிலையே அழைத்துக் கேட்கலாம்.

இமிக்ரேஷன் விஷயத்தில்தான் இந்த இரண்டு சொற்களும் உங்களைக் குழப்பும். கவுண்டி ஜெயில் அவரை ஐஸ் (குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு) அதிகாரிகளிடம் ஒப்படைத்தால், ஜெயிலின் பதிவேட்டில் 'வேறு அமைப்புக்கு மாற்றம்' என்று விழலாம், வெறும் 'விடுவிப்பு' என்றும் விழலாம். அத்தோடு மாநில வைனின் வேலை முடிந்தது. அடுத்த நாள் ஐஸ் அவரைக் கண்காணிப்பு நிபந்தனையில் வெளியே விட்டால், உங்கள் நியூ ஜெர்சி வைன் ஒரு வார்த்தையும் சொல்லாது. ஐஸ் காவலில் இருக்கிறாரா என்று பார்க்க அவர்களுடைய ஆன்லைன் தேடல் தளம் இருக்கிறது. அதில் ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் எண்) பிறந்த நாடும் கொடுக்க வேண்டும், அல்லது பெயரும் பிறந்த நாடும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இங்கேயும் அந்த 'எஃப்.என்.யூ.' தொல்லை வந்து நிற்கும். ஏ-நம்பர் அவருடைய பழைய குடியேற்றத் தாள்களில் இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள். எலிசபெத்திலும் நூவர்க்கிலும் ஐஸ் காவல் மையங்கள் உள்ளன. ஆனால் அங்கே வைத்தவர்களைத் தூர மாநிலங்களுக்கு மாற்றுவதும் சகஜம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கென்று தனி வைன் சேவை உண்டு. மாநில வைனில் பதிந்தது அதில் சேராது, அங்கே தனியாகப் பதிய வேண்டும். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனால் அது மூன்றாவது அமைப்பு. அங்கே நீங்களாகப் பதிய முடியாது. அமெரிக்க அரசின் நீதித் துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) உங்களைப் பாதிக்கப்பட்டவராகப் பட்டியலில் சேர்த்து, அடையாள எண்ணும் பின் நம்பரும் கொண்ட கடிதம் அனுப்பும். கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால் 1-866-365-4968 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் கேஸ் இப்போது அந்தப் பக்கம் போகவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அவர் நாடு கடத்தப்பட்டால் உங்கள் எச்-4 என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அதை ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் இப்போதே கேட்க வேண்டும், அவர் தண்டனை முடிந்து வரும்வரை காத்திருக்காமல். வக்கீலைப் பிடிக்கவும், கூட ஒரு பெண் வந்து உட்காரவும், 1985 முதல் நியூ ஜெர்சியில் தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் மானவி அமைப்பை அணுகலாம். மாநிலக் குடும்ப வன்முறை ஹாட்லைன் 1-800-572-7233.

இந்த அமைப்பு ஏன் இப்படி வெறும் ஃபோன் அழைப்பாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். 1993 டிசம்பர் 6, கென்டக்கி மாநில லூயிவில் நகரம். மேரி பைரன் என்ற பெண்ணை, அவளுடைய 21ஆம் பிறந்தநாளில், முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவளைத் தாக்கிய வழக்கில் ஜெயிலில் இருந்தவன் ஜாமீனில் வந்துவிட்டது அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய பெற்றோர் விடாமல் கேட்டதால், ஓர் ஆண்டு கழித்து 1994 டிசம்பரில் அதே கவுண்டியில் முதல் தானியங்கி அமைப்பு ஓடத் தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கும் வைன். "வெளியே வந்துவிட்டார்" என்று சொல்வதற்காக மட்டுமே கட்டியது. அதைச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. உங்களுக்கு அழைப்பு வந்தது என்று போலீஸுக்குக்கூட அது தெரிவிக்காது.

ஆகவே அழைப்பு வந்த இரவில் செய்ய வேண்டியதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பின் நம்பரை அழுத்துங்கள், காரணத்தைக் கேளுங்கள். உங்கள் ஊர் போலீஸின் அவசரமல்லாத எண்ணில் கூப்பிட்டு, நிரந்தரப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது என்று சொல்லி, டாக்கெட் எண்ணை (கோர்ட்டின் வழக்கு எண்) கொடுங்கள். 'எஃப்.வி.-12' என்று தொடங்கும் அந்த எண் உத்தரவின் முதல் பக்கத்தில் இருக்கும். 12 என்பது மிடில்செக்ஸ். அன்றிரவு உங்கள் தெருவில் கூடுதலாக ரோந்து வரச் சொல்லுங்கள். அவரை நேரிலோ வாசலிலோ பார்த்தால் அவசரமல்லாத எண் வேண்டாம், 911. உத்தரவின் படம் ஃபோனிலும், நகல் காரிலும், இன்னொரு நகல் மகனின் பள்ளி அலுவலகத்திலும் இருக்கட்டும். நியூ ஜெர்சியில் இந்த நிரந்தர உத்தரவுக்குக் காலாவதி கிடையாது, கோர்ட் நீக்கும்வரை செல்லும். நீங்கள் டெக்சாஸில் அக்கா வீட்டுக்குப் போனாலும் அங்குள்ள போலீஸ் இதை மதிக்க வேண்டும். அப்படிப் போனால் வைன் பதிவை நீக்கிவிடாதீர்கள். பதிவு அவர் இருக்கும் ஜெயிலைச் சேர்ந்தது, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண் மாறினால் மட்டும் அன்றே மாற்றுங்கள்.

பூட்டை மாற்றிவிட்டீர்களா? கராஜ் கதவின் ரிமோட் ஒன்று அவர் காரில் இருக்கும். அந்த மோட்டாரின் பின்புறம் 'லேர்ன்' என்று ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலான மோட்டார்களில் அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பழைய ரிமோட்டுகள் எல்லாம் அழியும். பிறகு உங்களுடையதை மட்டும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.